அசல் மையத்தில், நகல் உரியவருக்கு

பத்து ரூபா காயின் எங்க ஊர்ல செல்லாது. யார் சொன்னதுன்னு கேட்டுடாதீங்க, சண்டைக்கு வருவாங்க. செல்லும்னுதான் ரிசர்வ் பேங்க் சொல்லுது. போன்ல மெசேஜ் அனுப்பிச் சொல்லுது, பேப்பர்ல கட்டம் கட்டிச் சொல்லுது. சொல்லட்டும். மரக்காணம் பஜார்ல கண்டக்டர் வாங்க மாட்டார், பூக்காரம்மா வாங்க மாட்டாங்க, கோயில் வாசல்ல உக்காந்திருக்கறவர் தட்டுல போட்டாக்கூட எடுத்து நம்ம கையிலயே வெச்சிடுவார். இதுல ரெண்டு கட்சி வேற. காயின் மேல இருக்கற கோடு பத்து இருந்தாத்தான் அசல்னு ஒரு கட்சி, பதினஞ்சு இருந்தாத்தான் அசல்னு இன்னொரு கட்சி. ரெண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்துல ஒத்துமை இருக்குது. எது அசலா இருந்தாலும் வாங்கறதில்ல.

என் ரீசார்ஜ் கடைக்குப் பக்கத்துக் கடை பக்கீர் முஹம்மது பாயோட மளிகைக் கடை. பாய் பதினஞ்சு கோட்டுக் கட்சி. நல்ல மனுஷன், ஆனா கல்லாவுல உக்காந்துட்டார்னா வாய்க்குப் பூட்டு கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் உப்பளத்துல வேலை செய்யற ஆண்டாள் வந்து, கால் வெடிப்புக்குத் தடவ தேங்காயெண்ணெ பாக்கெட் ஒண்ணு கேட்டாங்க. கொடுத்தது பத்து ரூபா காயின். உப்புத் தண்ணி பட்டுப் பட்டு ஓரமெல்லாம் பச்சை புடிச்ச காயின்.

பாய் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு கோட்டை எண்ணினார். அப்புறம் சத்தம் பாக்கறேன்னு கல்லாப் பலகைக் கல்லு மேல தூக்கிப் போட்டார். அந்தக் காலத்து வெள்ளிக் காசுக்குப் பாக்கற பரீட்சை. இந்தக் காசு என்ன சத்தம் போட்டா பாஸுன்னு பாய்க்கும் தெரியாது. போட்டுட்டு, கடையில நின்ன அத்தனை பேர் காதுலயும் விழற மாதிரி, "ஏம்மா, டூப்ளிகேட்ட என் தலையில கட்டப் பாக்கறியா?"ன்னார்.

ஆண்டாள் எண்ணெ பாக்கெட்ட வெச்சிட்டு, காசையும் எடுக்காம போய்ட்டாங்க. அவங்க வேலை செய்யற உப்பளத்து மேஸ்திரி சிலம்பரசன் அங்கதான் சிகரெட் வாங்கிட்டிருந்தான். அவன்தான் முதல்ல சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சோம்.

மறுநாள் காலையில உப்பளத்துல சிலம்பரசன், "என்னா, டூப்ளிகேட்டு வந்துடுச்சா?"ன்னு கேட்டிருக்கான். அவ்ளோதான். ஒரு வாரத்துல ஊர்ல ஆண்டாள்ங்கற பேர் காணாமப் போச்சு. ரேஷன் கடையில டூப்ளிகேட்டு, பஸ் ஸ்டாண்டுல டூப்ளிகேட்டு. அவங்க புருஷன் செத்து வருஷமாச்சு, மகளை அனுமந்தையில கட்டிக் கொடுத்திருக்குது. மகள் வீட்டுல நடந்த காதுகுத்துல அந்தம்மா மொய் வெக்கறப்போ சம்பந்தி வீட்டுக்காரன் ஒருத்தன், எழுதறவன்கிட்ட, "நல்லா பாத்து வாங்குப்பா"ன்னு சொல்லி ஒரு பந்தியே சிரிச்சிருக்குது. அந்தம்மா கை கழுவிட்டு எழுந்து வந்துட்டாங்களாம்.

பாய்க்கு இதெல்லாம் காதுல விழாம இல்ல. காயினைத் தனியா ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருந்தார். பாயோட சம்சாரம் மைமூன் அக்கா கேட்டா, "அது அமானிதம்"னுவார். அடுத்தவங்க பொருள் நம்மகிட்ட இருந்தா அது பத்திரமா திரும்பிப் போகணும்னு அர்த்தம். பத்திரமாத்தான் இருந்துச்சு. போகத்தான் இல்ல.

இந்த வருஷம் பாய்க்கு ஹஜ்ஜுக்குப் பேர் வந்துச்சு. போறதுக்கு முன்னாடி வீடு வீடாப் போயி, "நான் எதாச்சும் மனசு நோகப் பேசியிருந்தா மன்னிச்சு ஹலாலாக்கிடுங்க"ன்னு கேட்டுட்டு வர்றது வழக்கம். பாயும் கேட்டார். எங்கிட்டயும் கேட்டார். எல்லாரும், "அட போங்க பாய், உங்களுக்கு நாங்க என்னா மன்னிக்கறது"ன்னு சந்தோஷமா அனுப்பி வெச்சோம். ராத்திரி சோத்துக்கு உக்காந்தப்போ மைமூன் அக்கா, "எல்லாரையும் கேட்டீங்களே, உப்பளத்து ஆண்டாளைக் கேட்டீங்களா?"ன்னு கேட்டுட்டு குழம்பு ஊத்தினாங்களாம். பாய் அந்தச் சோத்தைச் சாப்பிடல.

மறுநாள் என்னையும் கூட்டிக்கிட்டு ஆண்டாள் வீட்டுக்குப் போனார். கையில எண்ணெ பாக்கெட் இல்ல, ரெண்டு லிட்டர் கேனு. ஆண்டாள் கேனைத் தொடல.

"மன்னிச்சிடும்மா. எதோ வாய் தவறி..."

"வாய் தவறிச் சொன்னீங்க பாய். ஊர் வாய் தவறாமச் சொல்லுது," அப்படின்னாங்க ஆண்டாள். "காசு அசல்னு பெரிய எடத்துல எழுதி, சீல் போட்டு வாங்கியாங்க. அத மேஸ்திரி முன்னாடி படிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் மன்னிக்கறேன்."

பேங்க்குக்குப் போனோம். மேனேஜர், "செல்லும். தாராளமா செல்லும்"னார். எழுதிக் குடுங்கன்னோம். "வாயால சொல்றதுக்குத்தான் எனக்கு அதிகாரம். எழுதணும்னா மையத்துக்குப் போங்க"ன்னு கையைக் காட்டினார்.

மையம்னா, நாணய முகப்பரப்பு ஒளியியல் நுண்ணளவீட்டு மையம், கடலோரக் கிளை. ஈ.சி.ஆர். ஓரமா, புயல் வந்தா ஜனங்க ஒதுங்கக் கட்டின கட்டடத்துல இருக்குது. இப்போ புயல் வந்தா ஜனங்க வேற எங்கயாச்சும் ஒதுங்கணும், உள்ளே ஏ.சி. ஓடுது. காசோட முகத்துல ஒரு தலைமுடிய ஆயிரம் கீத்தாக் கிழிச்ச அளவுக்கு மேடு பள்ளம் இருந்தாக்கூட வெளிச்சத்தை வெச்சே அளந்து சொல்ற மெஷின் அங்க இருக்குது.

கேட்டுல செக்யூரிட்டி எங்களை நிறுத்தினார், பேரு பாவாடை. "சில்லறை எதாச்சும் இருந்தா இங்க வெச்சிட்டுப் போங்க. உள்ளே நாணயம் கொண்டு போகக் கூடாது."

"சோதனை பண்ண வேண்டியதே நாணயம்தாங்க"ன்னேன்.

"அதான் சொல்றேன், வெச்சிட்டுப் போங்க. டோக்கன் தர்றேன்."

பாய் டப்பாவைக் கொடுத்துட்டு வட்டமா ஒரு பித்தளை டோக்கனை வாங்கிக்கிட்டார். உள்ளே ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு, அறிவியல் அலுவலர். பேரு செந்தமிழ். பேருதான் அது, வாயத் தொறந்தா ஒரே இங்கிலீஷு. "சாம்பிள்?"னு கையை நீட்டுச்சு. பாய் பயத்துல டோக்கனைக் கொடுத்துட்டார். அந்தப் பொண்ணு இடுக்கியால புடிச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு.

அடுத்த வாரம் கடைக்குத் தபால் வந்துச்சு. "தாங்கள் ஒப்படைத்த மாதிரி, இந்திய நாணயம் எதனோடும் எவ்விதத்திலும் ஒத்துப்போகவில்லை. மதிப்பு காணப்படவில்லை. எண் ஏழு என்று மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது."

பாய் அதைப் படிச்சுட்டு கல்லாவுலயே சாஞ்சுட்டார். "ஏம்பா தேவா, அப்போ அந்தம்மா காசு உண்மையிலயே..."

"பாய், அது டோக்கன் பாய்."

டோக்கனுக்கு ரிப்போர்ட் வந்துடுச்சு, காசுக்கு வரல. ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு மறுபடியும் போனோம். இந்தத் தடவை இயக்குநரையே பாக்க விட்டாங்க. முனைவர் தட்சணாமூர்த்தி. மேஜை மேல பூதக்கண்ணாடி, கழுத்துல பூதக்கண்ணாடி. பேச்சு மட்டும் கல்யாண வீட்டுல வாசல்ல நின்னு வரவேற்கற மாதிரி.

"தவறு எங்க மெஷின்ல இல்லீங்க, அதைக் கவனிக்கணும். டோக்கன் நாணயம் இல்லைன்னு அது எவ்வளவு துல்லியமா கண்டுபுடிச்சிருக்குது பாருங்க! இந்த வெற்றியை மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்."

"சார், நாணயத்தை உள்ளே கொண்டு வரவே கூடாதுன்னா, நாணயத்தை எப்படி சார் அளக்கறது?" பாய் கைகட்டிக்கிட்டுத்தான் கேட்டார்.

இயக்குநர் கழுத்துல இருந்த பூதக்கண்ணாடியைத் துடைச்சார். "இதுவரைக்கும் இந்தக் கேள்வி எழல. மையம் தொடங்கின நாள்லேருந்து நாங்க மெஷினை அளந்துட்டிருக்கோம். மெஷின் சரியா இருக்குதான்னு தெரியாம நாணயத்தை அளக்கறது ஜனங்களுக்குப் பண்ற துரோகம் இல்லீங்களா? நீங்கதான் முதல் ஆள். உங்களுக்காக விதியைத் தளர்த்தறேன்."

தளர்த்தினார். பாவாடை டப்பாவை வெள்ளைத் துணி போட்ட தட்டுல வெச்சு எடுத்துட்டு வந்தார். பின்னாடியே ரெண்டு பேர் கையுறை போட்டுட்டு வந்தாங்க. ஆண்டாளம்மா காசுக்கு அன்னைக்குத்தான் மரியாதை கிடைச்சுது. அதைப் பாக்க அந்தம்மா இல்ல, உப்பு வாரிட்டிருந்தாங்க.

மெஷினுக்கு ஒரு சங்கடம். தரை துளி அசைஞ்சாலும் அளவு கெட்டுப் போகும். ரோட்டுல பஸ் போனா நிறுத்தணும், லாரி போனா நிறுத்தணும். இயக்குநர் ஜன்னலைக் காட்டினார். "பஸ்ஸைக்கூட பொறுத்துக்கலாம். அலைதான் பெரிய பிரச்னை. அலையடிக்கற இடைவெளியைக் கூட்டச் சொல்லி மூணு துறைக்கு எழுதிட்டோம். ஒருத்தருமே பொறுப்பெடுத்துக்கல. நாட்டுல அறிவியல் எப்படி வளரும், சொல்லுங்க?" மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கடல் கொஞ்சம் ஒத்துழைக்கும்னு சொல்லி எங்களை உக்கார வெச்சார்.

பசிச்சுது. கேன்டீனுக்குப் போனோம். சுவத்துல கொட்டை எழுத்துல போர்டு: "பத்து ரூபாய் காயின் கண்டிப்பாக வாங்கப்பட மாட்டாது." நான் அதை இயக்குநர்கிட்ட காட்டினேன். அவர் சங்கடமே படல. "அது நிர்வாகப் பிரிவு. நாங்க தொழில்நுட்பப் பிரிவு"ன்னார்.

கடல் ஒத்துழைச்சுது. லென்ஸுக்குக் கீழ காசை வெச்சு வெளிச்சத்தை விட்டாங்க. கம்ப்யூட்டர் திரையில கலர் கலரா மலையும் பள்ளமுமா ஏறி வந்துச்சு. நடுநடுவுல வெள்ளை வெள்ளையாக் கட்டம். பாய், "இது நம்ம உப்பளம் மாதிரியே இருக்குதே"ன்னார். உப்புத்தான். காசுல ஒட்டியிருந்த உப்பு.

"கோடு எத்தனை இருக்குதும்மா? பத்தா, பதினஞ்சா?" பாய் கேட்டார்.

செந்தமிழ் எதையோ தட்டிப் பாத்துட்டு, "செவன்டீன் தவுசண்ட் ப்ளஸ்"னு சொல்லுச்சு.

"யா அல்லாஹ்!"

"பயப்படாதீங்க," அப்படின்னார் இயக்குநர். "எத்தனை கோடுங்கறது நாம எந்த லென்ஸ் போடறோம்ங்கறதைப் பொறுத்தது. பெரிய பட்ஜெட் கிடைச்சா பெரிய லென்ஸ் வாங்குவோம். லட்சம் கோடுகூட கொண்டு வந்துடலாம்."

அசலான்னு பாக்க, பக்கத்துல வேற ஒரு காசை வெச்சு ஒப்பிட்டாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த காசு. அதுக்குப் பேரு அடிப்படைத் தர நாணயம். பாய் பயபக்தியோட, "இது எங்கேர்ந்து வந்துச்சுங்க, மும்பையிலேருந்தா?"ன்னார்.

"இல்ல இல்ல. பெட்ரோல் பங்க்ல எனக்கு மீதி கொடுத்தான். வானூர் வரைக்கும் போயிப் பாத்தேன், ஒரு கடையிலயும் வாங்கல. சரி, அரசாங்க உபயோகத்துக்கு இருக்கட்டும்னு இதையே தரமா அறிவிச்சிட்டோம்."

இயக்குநர் இதைச் சிரிக்காமதான் சொன்னார். நானும் சிரிக்கல, பாய் என் தொடையைக் கிள்ளிட்டிருந்தார்.

அப்போ திரையில ஒரு எடத்துல ஆழமா ஒரு வெட்டு தெரிஞ்சுது. மத்ததெல்லாம் தேஞ்சு மழுங்கியிருக்க, அது மட்டும் கூரா இருந்துச்சு. செந்தமிழ் முதல் தடவையா தமிழ்ல பேசுச்சு. "இது புதுசு. யாரோ கல்லு மேல வீசிப் போட்டிருக்காங்க. வேகமாப் போட்டிருக்காங்க."

பாய் எழுந்து நின்னுட்டார். "நான்தாம்மா. நான்தான் போட்டேன். அந்தம்மா எதிர்லயே போட்டேன்." கண்ணு ரெண்டும் கலங்கிடுச்சு. கல்லுல போட்டது அவருக்கே மறந்து போயிருக்கும். அது திரையில சாண் அகலத்துக்குச் செவப்பா நின்னுச்சு. அவர் அதையே பாத்துட்டு நின்னார்.

செந்தமிழ், "பயன்பாட்டுத் தேய்மானம்"னு டைப் அடிச்சுட்டு அடுத்த எடத்துக்குப் போயிடுச்சு.

"அப்படி எழுதாதம்மா. நான் போட்டேன்னு எழுது."

"அதுக்கு இந்த ஃபார்ம்ல கட்டம் இல்லீங்க"ன்னார் இயக்குநர்.

திரும்பி வர்ற வழியில நான்தான், "நாளைக்கே உப்பளத்துக்குப் போயி நான்தான் தப்பு பண்ணேன்னு சொல்லிடுங்களேன் பாய், சீல் என்னாத்துக்கு?"ன்னேன். "அந்தம்மா சீல் கேட்டாங்கப்பா"ன்னார். கேட்டாங்கதான். ஆனா சிலம்பரசன் முன்னாடி வெறுங்கையோட நிக்க பாய்க்கு வெக்கமாவும் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஒரு பேப்பர் கையில இருந்தா அதுக்குப் பின்னாடி கொஞ்சம் ஒளிஞ்சுக்கலாம் இல்லியா.

சான்றிதழைத் தபால்ல அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. விழா எடுத்தாங்க. ஹஜ் பயணத்துக்கு நாலஞ்சு நாள்தான் பாக்கி. ஷாமியானா, மைக், ஒரு பெரிய மனுஷர், பூச்செண்டு. வர்றவங்களுக்கு டீ, பிஸ்கட். மையத்தோட முதல் பயனாளின்னு பாய்க்குச் சால்வை போத்தினாங்க. பாய் அதுக்குள்ள குறுகிப் போய் உக்காந்திருந்தார். இயக்குநர் மைக்கைப் புடிச்சார்.

"இந்த நாணயம் அசல் என்று இன்று அறிவிக்கிறோம். சிலர் கேட்கலாம், இதை எந்தக் குழந்தையும் சொல்லுமே என்று. சொல்லும். ஆனால் குழந்தை சொன்னால் ஆதாரம் கிடையாது. நாங்கள் சொல்ல இத்தனை கோடி செலவாகியிருக்கிறது என்பதுதான் ஆதாரம்! சாமானியனின் ஒரு பத்து ரூபாய்க்காக இந்த மையம் தன் முழு பலத்தையும் திரட்டி உழைத்தது. அடுத்த பத்து ரூபாய் வரும்வரை நாங்கள் ஓயமாட்டோம்!"

ஓய மாட்டோம்னு சொன்னதுக்குப் பலமா கைத்தட்டல். பாய்கிட்ட சான்றிதழையும் வெல்வெட் பெட்டி ஒண்ணையும் கொடுத்தாங்க. பாய் பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சை நெறத்துல, ரப்பரா பிளாஸ்டிக்கான்னு தெரியாத ஒண்ணு. வட்டமா, பத்து ரூபா சைஸ்ல.

"சார், காசு எங்க சார்?"

"கடைசி வரி பாருங்க."

கடைசி வரி: "அசல் மையத்தில் பாதுகாக்கப்படும். நுண்நகல் உரியவருக்கு வழங்கப்படும்."

"சார், அது அமானிதம் சார். அந்தம்மா பொருளு. எனக்கு அசல்தான் வேணும்."

இயக்குநர் பாய் தோள்ல கையைப் போட்டார். "அசலா இருக்கறதாலதானேங்க திருப்பித் தர முடியல? அளந்து முடிச்ச ஒரே நாணயம் எங்ககிட்ட அதுதான். போலியா இருந்திருந்தா அப்பவே உங்க கையில கொடுத்திருப்போம்."

பாய் கால்ல விழாத குறையா கெஞ்சினார். அதுக்குள்ள போட்டோ எடுக்கறவன் வந்து, "பாய், பெட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க"ன்னான். தூக்கிக் காட்டினார். போட்டோவுல பாய் அழறது தெளிவா விழுந்திருக்குது. ஆனந்தக் கண்ணீர்னு கீழ போட்டிருந்தாங்க.

மறுநாள் காலையில உப்பளத்துக்குப் போனோம். வெயில் ஏறிட்டிருந்துச்சு. ஆண்டாள் மொழங்காலுக்கு மேல சேலையை ஏத்திச் செருகிட்டு பாத்திக்குள்ள நின்னு உப்பு இழுத்துட்டிருந்தாங்க. சொன்ன வார்த்தைக்காக பாய் சிலம்பரசனைக் கூப்பிட்டார், மத்தவங்களையும் கூப்பிட்டார். வரப்பு மேல நின்னு சான்றிதழை முழுசாப் படிச்சார். நுண்ணளவீடு, முகப்பரப்பு, சராசரிக் கரடுத்தன்மை. ஒருத்தருக்கும் புரியல. எல்லாரும் அமைதியாத்தான் கேட்டாங்க.

சிலம்பரசன் பெட்டியைப் புடுங்கித் திறந்தான். பச்சை வட்டத்தை ரெண்டு விரலால தூக்கி வெயில்ல காட்டினான். அமுக்கினான். அது அமுங்குச்சு.

"டேய், கவர்மென்டே டூப்ளிகேட்டுன்னு சீல் போட்டுக் கொடுத்திருக்குதுடா!"

உப்பளமே சிரிச்சுது. வாருபலகையைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சாங்க. பாய் ரெண்டு கையையும் மேல தூக்கினார்.

"சிரிக்காதீங்க! அல்லா மேல சத்தியமா சொல்றேன், காசு அசலு. அந்தம்மா நல்ல காசுதான் கொடுத்தாங்க. நான்தான் கண்ணு தெரியாம, வாய்க் கொழுப்புல அப்படிச் சொன்னேன். தப்பு பூரா என்னுது. இனிமே யாரும் அந்தம்மாவை அப்படிக் கூப்பிடாதீங்கப்பா, உங்க கால்ல வேணா விழறேன்."

சிரிப்பு நின்னுச்சு. சிலம்பரசன்கூட பெட்டியை மூடி பாய் கையில கொடுத்துட்டு, "அட, வெளையாட்டுக்குத்தான பாய்"ன்னான். ஒவ்வொருத்தரா வேலைக்குப் போய்ட்டாங்க.

ஆண்டாள் பாத்தியிலேருந்து வரப்புக்கு ஏறி வந்தாங்க. கால் பூரா வெடிப்பு, வெடிப்புக்குள்ள உப்பு. பாயை ஏற எறங்கப் பாத்தாங்க. பெட்டியை நீட்டினார், வாங்கல.

"அது எனக்கெதுக்கு பாய். சொன்ன மாதிரி வந்து சொல்லிட்டீங்க. மன்னிச்சிட்டேன். நல்லபடியா போய்ட்டு வாங்க. எனக்கும் துவா கேளுங்க."

மனசாரத்தான் சொன்னாங்க. பாய் முகத்துல உயிர் வந்துச்சு. எதோ சொல்ல வாயெடுத்தார்.

அந்தப் பக்கம் கோடியிலேருந்து சிலம்பரசன் குரல் வந்துச்சு. அவன் வேணும்னு கூப்பிடல. பழக்கத்துல கூப்பிட்டான்.

"ஏ டூப்ளிகேட்டு! இந்தப் பாத்தியை யாரு இழுக்கறது?"

"தோ வர்றேன்!"னு ஆண்டாள் திரும்பிப் போயிட்டாங்க. யோசிக்கக்கூட இல்ல. கோவம் இல்ல, வருத்தம் இல்ல, பேரைச் சொன்னா எல்லாரும் திரும்பற மாதிரி திரும்பினாங்க.

பாய் அப்படியே நின்னார். அப்புறம் வரப்பு ஓரமா ரெண்டடி நடந்து, "ஆண்டாளு!"ன்னு கூப்பிட்டார். அந்தம்மா போய்ட்டே இருந்தாங்க. இன்னும் சத்தமா, "ஆண்டாளம்மா!"ன்னார். திரும்பல.

"காத்து ஜாஸ்தி பாய், கேட்டிருக்காது"ன்னேன்.

"மேஸ்திரி கூப்பிட்டது கேட்டுச்சேப்பா"ன்னார் பாய்.